மேப்பு பாய் பிடித்த கயிறு

உலகத்தில் எல்லோரும் இருக்கிற இடத்துக்குப் போகத்தான் மேப்பு பார்ப்பார்கள். இல்லாத இடத்துக்குப் போக மேப்பு பார்த்த ஒரே ஆள், விருதுநகரில் எங்கள் தெரு மேப்பு பாய்தான்.

பாய் காலண்டர் ஏஜென்ட். எங்கோ கிடைத்த பழைய ஊர் மேப்பை, சிவகாசி அச்சகத்தில் வீணாய்ப்போன லட்சுமி காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக அடித்து வைத்திருந்தார். அதைத் தூக்கிப் பிடித்து அவர் படித்தால், எதிரே வரும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவரிடம் வழி கேட்டால் தொலைந்தோம். "அந்தா வண்டிப்பேட்டை, அத ஒட்டியே மேக்க போங்க" என்பார். வண்டிப்பேட்டை இடிந்து எத்தனையோ காலம். காரியாபட்டிக்குக் கிளம்பிய ஒருவர் நேர் எதிர்த்திசையில் ஆமத்தூரில் போய் நின்றார்.

"பாய், எங்க வீடு இருக்குற எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று சீண்டுவேன்.

"களுத கட்டுன எடம்லே. இப்பவும் அப்படித்தான இருக்கு!"

ஒரு கோடையில் குழாயில் காற்று மட்டும் வந்தது. என் அக்கா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளியாய் மின்னும் வெடிமருந்தோடு திரும்புவாள். குளிக்காமல் கைக்குழந்தையைத் தொட முடியாது. உள்ளே அது பாலுக்குக் கத்தும், வாசலில் இவள் அழுவாள்.

பாய் மேப்பை விரித்தார். "ஏலே, நம்ம தெருவுல பொதுக்கெணறு ஒண்ணு இருந்திருக்கு!"

கோயில் மூலையில் கயிற்றைக் கட்டி அளந்துகொண்டே வந்தார். தெருவே பின்னால் போனது. தங்கள் வீட்டைக் கயிறு தாண்டியதும் ஒவ்வொருவரும் மூச்சு விட்டார்கள். அது நேராகப் பாய் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் நின்றது. பாய்க்கு முகம் செத்துவிட்டது. திரும்பப் போய் அளந்தார். மறுபடியும் அடுப்படிதான்.

"மேப்பு சில சமயம் தப்பாவும் இருக்கும்" என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

பாய் வீட்டம்மா, வாசலில் நின்ற அக்காவின் கைகளைப் பார்த்தார்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் சரியா இருந்த மேப்பு, நம்ம வீட்டுக்கு மட்டும் தப்பாயிருமாக்கும்? அடுப்பத் தூக்கி அங்கிட்டு வைங்க."

தரையை உடைத்தால் கிணற்றை மூடியிருந்த கற்பலகை, அதற்கும் கீழே தண்ணீர். கொஞ்சம் உப்புக் கரித்தது, ஆனால் குளிக்கத் தாராளம். முதல் வாளி அக்காவுக்கு. குளித்த ஈரத்தோடு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அந்தக் கோடை முழுக்கப் பாய் வீட்டுச் சமையல் முன்னறையில் நடந்தது. நாங்கள் குடத்தோடு அவர்கள் வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தோம்.

அந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. பாயைக் கேலி செய்வதையும் விடவில்லை. ஆனால் வெளியாள் எவனாவது அவரைக் கேலி செய்தால், முதல் ஆளாகச் சண்டைக்குப் போகிறவள் என் அக்காதான்.