சாரி அண்ணனும் சீமைத் தொல்லைகளும்

வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போய் முப்பது வருஷத்துக்குப் பிறகும் அவனை விடாமல் திட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து மதுரையில் சாரி அண்ணன்தான். அவன் நம்மை ஆண்டதற்காக அல்ல. வாஷ்பேசினில் இரண்டு குழாய் வைத்ததற்காக.

“ஒரு குழாய்ல கொதிக்கிற தண்ணி, இன்னொண்ணுல ஐஸ் தண்ணி. மூஞ்சி கழுவணும்னா ஒரு கன்னம் வேகும், ஒரு கன்னம் வெறைக்கும். ரெண்டையும் ஒரே குழாய்ல விடணும்னு ஒருத்தனுக்கும் தோணலயே மாப்ள! இவனுக எப்படி உலகத்த ஆண்டானுக?”

அரசரடியில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் ஒரே குழாய்தான். அதிலும் எப்போதாவதுதான் தண்ணீர் வரும். அதற்காக அண்ணன் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு மழை ஊரில், சாக்ஸ் பின்னும் ஆலையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் பெட்டியோடு திரும்பி வந்தவர். இங்கே லாரி பார்சல் ஆபீசில் உத்தியோகம். எதற்காக அந்தச் சீமை வேலையை விட்டு வந்தார் என்று கேட்டால், இரண்டு குழாயில் ஆரம்பித்து, ரப்பர் மாதிரி வேகவைத்த முட்டைக்கோஸ் வரை போவார். ஆனால் அங்கே அவருக்குப் பிடிக்காதது என்று சொன்ன பழக்கம் ஒவ்வொன்றும் அவரிடமே பத்திரமாக இருந்தது. அது அவருக்கு மட்டும் தெரியாது.

“கால மிதிச்சவன் சாரி சொன்னா நியாயம். அங்க மிதி வாங்குனவனும் சொல்லணும் மாப்ள!” என்று ஒரு நாள் டீக்கடையில் பொருமிக்கொண்டிருந்தார். அப்போது ஒருவர் சைக்கிளை அவர் பாதத்தின் மீதே ஏற்றினார். அண்ணன் துள்ளி விலகி, “சாரிங்க” என்றார். சைக்கிள்காரர் பெருந்தன்மையோடு, “பாத்து நில்லுங்கண்ணே” என்று மன்னித்துவிட்டுப் போனார். சாரி அண்ணன் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அசல் பெயர் லாட்ஜ் முதலாளிக்கே மறந்துபோனது.

நாற்பதை நெருங்கிய அவருக்கு, உசிலம்பட்டியில் ஒரு பெண் அமைவது போலிருந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியை, பெயர் தெய்வானை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் இல்லாத அண்ணனுக்குத் துணையாக நான் கிளம்பினேன்.

அரசரடியிலேயே பஸ் ஏறியிருக்கலாம். “கிளம்புற எடத்துலதான் மாப்ள ஒழுங்கா வரிசையில நிக்க முடியும்” என்று என்னை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போனார். சீமையில் அவர் வெறுத்ததில் வரிசைக்கு முக்கிய இடம் உண்டு. “ஒத்த ஆளா நின்னாலும் வரிசையாத்தான் நிப்பான்” என்பார். அன்றைக்கு அவரே அப்படி நின்றார். பின்னால் நான்.

பஸ் வந்தது. ஜன்னல் வழியே துண்டுகள் பறந்தன, பைகள் பறந்தன, ஒரு கோழிக்கூடையும் போனது. ஒரு கிழவி அண்ணனை முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு ஏறினாள். “சாரிங்க” என்றார். “இருக்கட்டும்யா, வழிய விட்டு நில்லு” என்றாள். பஸ் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் எங்களைக் கவனித்துவிட்டு இறங்கி வந்தார்.

“என்னண்ணே, யாரையாச்சும் வழியனுப்ப வந்தீகளா?”

“இல்லங்க. வரிசையில நிக்கிறோம்.”

கண்டக்டர் வரிசையைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டு, அண்ணனைக் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. நட்டநடு ராகுகாலம். பெண்ணின் அப்பா வாசலிலேயே மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். “இம்புட்டு நேரம் எங்கிட்டுப் போனீக?” என்றார். அண்ணன் வரிசையாக மூன்று சாரி சொன்னார். உள்ளே நுழையும்போது ஒரு கன்றுக்குட்டி இடித்தது. அதற்கும் ஒரு சாரி. பெரியவர் என்னைப் பார்த்து, “இவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று மெதுவாகக் கேட்டார்.

தெய்வானை காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியருகே நின்றாள். நிமிர்ந்த பார்வை, அடக்கிவைத்த சிரிப்பு. அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“பொண்ணப் பிடிச்சிருக்கா மாப்பிள்ள?” என்றார் பெரியவர்.

“மோசமில்லைங்க” என்றார் அண்ணன்.

கன்றுக்குட்டிகூட மெல்வதை நிறுத்திவிட்டதாக எனக்கு ஞாபகம்.

“மோசமில்லையா?” பெரியவர் எழுந்துவிட்டார். “இங்க என்ன மாட்டுச் சந்தையா நடக்குது? சந்தையில எம் மாட்டப் பாத்து ஒருத்தன் இப்படிச் சொன்னாலே அவன சும்மா விடமாட்டேன்!”

நான் குறுக்கே விழுந்தேன். “ஐயா, அந்த ஊருல ரொம்ப நல்லாருந்தா அப்படித்தான் சொல்லுவாங்களாம். அதுக்கு மேல வாய் வராதாம்.”

“அந்த ஊருல என்னத்தையும் சொல்லட்டும் தம்பி. இது உசிலம்பட்டி.”

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போதுதான் தெய்வானை ஓரடி முன்னால் வந்தாள்.

“அப்பா, கொஞ்சம் பொறுங்க.” அண்ணனிடம் திரும்பினாள். “காப்பி எப்படி இருந்துச்சு?”

“மோசமில்லைங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“டம்ளரக் கவுத்துங்க பாப்போம்.”

கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அடியில் கிடந்த சர்க்கரையைக்கூட விட்டுவைக்கவில்லை மனிதர்.

“பாத்தீகளாப்பா? இவரு பாஷை எனக்கு வெளங்கிருச்சு” என்றவள், சிரிப்பை நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டாள். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மறுபடியும் சீமைக்குப் போயிருவீகளா?”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். குழாயைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறார் என்று பயந்தேன்.

“போகமாட்டேங்க” என்றார். “பக்கத்து வீட்டுல ஒரு பெரியவரு. நல்ல மனுசன். தினம் வேலிக்கு அங்கிட்டிருந்து ‘இன்னைக்கிக் குளிரு’ம்பாரு, ‘மழை வரும்’பாரு. ஒரு தடவ காய்ச்சல்ல ஒரு வாரமா கதவத் திறக்காமக் கெடந்தேன். செத்துப் பொழச்சு வெளிய வந்தேன். ‘இன்னைக்கிக் கொஞ்சம் வெயில் இருக்கு’ன்னாரு. அம்புட்டுத்தாங்க. அன்னைக்கே டிக்கெட் எடுத்தேன்.”

இத்தனை காலமும் அவர் முட்டைக்கோஸைத் திட்டியபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்த நான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார். மீசையிலிருந்து கையை எடுத்தார். “தெய்வானை, மாப்பிள்ளைக்கு இன்னொரு காப்பி கொண்டா ஆத்தா” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. கருமாத்தூர் தாண்டுவதற்குள் அண்ணன் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் சட்டையெல்லாம் அவர் வியர்வை. அரசரடி வந்தது, கண்டக்டர் விசில் ஊதினார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூங்கட்டும், அங்கிருந்து நடந்துகொள்ளலாம் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.