கார்வினின் மீசை விழுந்த வெள்ளிக்கிழமை

அன்பு மருமகன் லைமனுக்கு,

ஒற்றை நாற்காலியும் விரிசல் விட்ட கண்ணாடியும் கொண்ட ஹாடன்வில் சலூன் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி, உன் மாமன் ஓர்வில், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், நெட்டி அத்தை நலம், என்மேல் அவளுக்குள்ள கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. நம் கல்லூரி தோற்றதற்கு நான்தான் காரணம், இனி என்னை மாமா என்று கூப்பிட மாட்டாய் என்று கப்பலிலிருந்து எழுதியிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன். இதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று பைபிள்மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன்.

நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பந்தெறிகிற கார்வின் ஸ்டோக்ஸை உனக்குத் தெரியும். நீ கப்பலேறியபோது முகம் உரித்த முட்டை மாதிரி இருந்ததே, அதே பையன். ஆகஸ்டில் மீசை விட்டான், வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்தோம், ஊருக்குக் கிறுக்குப் பிடித்தது. வங்கி மேலாளர் மீசை வைத்தார், வங்கியில் வேலை பார்க்கும் பெண்கள் கரியால் வரைந்துகொண்டார்கள், பாஸ்டர் டில்மன் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி அந்த மீசைக்காக ஜெபித்தார், ஞானஸ்நானத்துக்கு வந்த ஒரு குழந்தைக்கு மீசை முளைத்திருந்ததை நானே பார்த்தேன். நான் வெட்டிப்போட்ட துணுக்குகளுக்காக என் கடையைப் பெருக்க நானூறு பேர் துடைப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். இதற்கு நடுவில் அவன் இடது முட்டி ஜவ்வு கிழிந்துபோனது. இன்னும் ஒரு அடி பட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்றார் டாக்டர். அந்த டாக்டர் எதிரிக் கல்லூரியில் படித்தவராம், அதனால் பொய் சொல்கிறாராம். சவரத்துக்கு வந்த பயிற்சியாளர் பிளெட்ஸோவிடம், பையனை ஆட்டத்துக்கு இறக்காமல் இருக்கக் கூடாதா என்று நானே கேட்டுப் பார்த்தேன்.

"முட்டி எல்லாருக்கும் ரெண்டு இருக்கு ஓர்வில். அந்த மீசை ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கார்வின் வந்தான். மறுநாள் பெரிய ஆட்டம். காலை மடக்க முடியாமல் விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான், நான் மீசை நுனியைத்தான் ஒதுக்கிக்கொண்டிருந்தேன், அப்போது எனக்கு ஒரு தும்மல் வந்தது பார், மூன்று மாவட்டத்துக் கோழிகள் கூரையேறின, அணைக்கட்டில் தண்ணீர் பின்னால் போனது, கண்ணைத் திறந்தால் பாதி மீசை துண்டில் கிடக்கிறது. பாதி மீசையோடு ஒரு மனிதனை எப்படித் தெருவில் விடுவது? மீதியையும் எடுத்தேன். பத்தே நிமிடத்தில் ஊரே கடை வாசலில் அழுதது. பிளெட்ஸோ உள்ளே வந்து பையன் முகத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நாளைக்கு இவன எப்படிப்பா இறக்குறது?" என்றார். டாக்டர் ஒரு மாதம் கத்தியும் நடக்காதது அப்படி நடந்தது, பையனை ஆட்டத்தில் இறக்கவில்லை. நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றோம்.

இப்போது துக்கத்தில் ஊரே வீட்டிலேயே சவரம் செய்துகொள்கிறது, கடையில் ஈ கூட இல்லை, நான் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாக வானொலி கேட்கிறேன். கார்வினுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோலோடு பேக்கரிக்குப் போய், யாரும் அடையாளம் கண்டுகொள்ளாமல், எல்லாரோடும் வரிசையில் நின்று பீச் பழம் வைத்துச் சுட்ட பை வாங்கித் தின்கிறான்.

கடல் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும், உன் காலுறைகள் ஈரமாகாதிருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் மாமன் (நீ கூப்பிடாவிட்டாலும்)
ஓர்வில்

பி.கு.: மேலே எழுதியதில் நானூறை நாலாக்கிக்கொள், குழந்தையின் மீசையை அழித்துவிடு, தும்மலையும் அடித்துவிடு. எனக்குத் தும்மலே வரவில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு, "முட்டி வலிக்குதுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க ஐயா. நீங்க மீசைய எடுத்துருங்க" என்றான்.