அத்தான் கேட்ட ஊர் விசாரணை

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் சுகம். தங்கள் சுகத்தைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. போன வாரம் போனில் தாங்கள் போட்ட சத்தத்திலேயே அது தெரிந்துவிட்டது. அக்காவின் சுகத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதமே அவளுக்காகத்தான்.

டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னால் தங்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெருநகரத்துப் புகை அக்காவின் நெஞ்சுக்கு ஆகாது, காற்று மாறினால்தான் இருமல் நிற்கும் என்று அவர் நம் எல்லோர் முன்னாலும் சொன்னார். இங்கே நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மாடி காலியாக இருக்கிறது, தாங்களும் ரிடையர் ஆகிவிட்டீர்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று நான் கெஞ்சினால், "நகரம்னா இதுதான்டா. நீ போய் உட்கார்ந்திருக்கியே, அது பஸ் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போற இடம்" என்கிறீர்கள். அதற்கும் நான் மசியாததால், "நீ சொல்றதை நம்ப மாட்டேன். அங்கேயே இருக்கறவங்ககிட்டப் போய்க் கேளு. என்ன சொல்றாங்களோ அப்படியே எழுதி அனுப்பு. போன்ல வேணாம், போன்ல நீ அளப்பே" என்று உத்தரவு போட்டீர்கள். அந்த உத்தரவின்படி ஊரை விசாரித்து எழுதுகிறேன்.

முதலில் என் கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் நம் பெருநகரத்துப் பழக்கத்தால் வந்த வினை. பஸ் வந்து நின்றதும் பையை நெஞ்சோடு அணைத்து, முழங்கையை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு ஒரே பாய்ச்சலாக ஏறினேன். "சார், யாரைத் தள்றீங்க?" என்று கண்டக்டர் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நிமிர்ந்து பார்த்தால் உள்ளே நாலைந்து பேர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் காலி சீட்டு. அத்தனை சீட்டில் எதில் உட்காருவது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பழக்கம் விடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போய்ச் சேர்ந்தேன். பிறகு பாங்குக்குப் போகவேண்டி வந்தது. நம் கணக்குப்படி, திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினேன். கால் மணியில் போய் நின்றேன், அத்தான்! பூட்டிய பாங்குக் கதவின் முன்னால் தன்னந்தனியாக ஒருவன் நின்றால் வாட்ச்மேன் சும்மா இருப்பாரா? தடியோடு வந்தார். எங்கிருந்து குடிவந்தவன் என்று சொன்னதும் அவர் முகம் இளகிப்போய்விட்டது. "பாவம், உட்காருங்க. அங்கேருந்து வர்றவங்க எல்லாரும் முதல்ல இப்படித்தான் வருவாங்க" என்று தன் நாற்காலியையே கொடுத்துவிட்டார்.

டாக்டர் கதை அதைவிட மோசம். அங்கே நம் டாக்டரிடம் போவதற்கு முன் வியாதியை மனப்பாடம் செய்துகொண்டு, கதவைத் திறந்ததும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம் இல்லையா? இங்கேயும் முட்டிவலி, தூக்கம், செரிமானம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினேன். அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "சரி, அப்புறம்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் சொல்ல என்னிடம் வியாதி இல்லை, தீர்ந்துவிட்டது. மரியாதைக்காக என் வீட்டுக்காரியின் இடுப்புவலியையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனையையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்த நான், ஊர்க்காரர்களும் இதையேதான் சொல்வார்கள் என்று நம்பித் தங்கள் விசாரணையில் இறங்கினேன். முதலில் முடிவெட்டுகிறவர். "இந்த ஊரா? தண்ணி உப்பு. வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலமானா எங்க போறதுன்னே தெரியாது" என்றார். சரி, அவருக்கு அன்றைக்கு வியாபாரம் சரியில்லை போலிருக்கிறது என்று பழக்காரம்மாவிடம் போனேன். "மனுஷங்க இருப்பாங்களா இங்க? ரோடெல்லாம் பள்ளம். கவுன்சிலருக்குக் கண்ணே கிடையாது" என்று கையில் இருந்த பழத்தையே உதறிக் காட்டினார். எதிர்வீட்டு டீச்சரைக் கேட்டேன். படித்தவர், நிதானமாகச் சொல்வார் என்று பார்த்தால், "நான் தும்மினா அடுத்த தெருவுல இருந்து கஷாயம் வருது சார். ரகசியமா ஒரு ஜலதோஷம் பிடிக்க முடியுதா?" என்கிறார். போதாக்குறைக்கு எங்கள் தெருமுனையில் மூன்று காரும் ஒரு தண்ணீர் லாரியும் சேர்ந்து நின்றதைப் பார்த்து, "சே, என்ன டிராஃபிக், வரவர இந்த ஊர்ல இருக்கவே முடியலை" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் டிராஃபிக் எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசிவரை தெரியவில்லை.

மாட்டிக்கொண்டேன், அத்தான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன் என்று தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதினால் தாங்கள் ஜெயித்துவிடுவீர்கள், அக்கா அந்தப் புகையிலேயே கிடக்க வேண்டியதுதான். எழுதாவிட்டால் நான் பொய்யன். இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போம், ஒருவராவது நல்ல வார்த்தை சொல்ல மாட்டாரா என்று நேற்றுக் காலை மறுபடி முடிவெட்டும் கடைக்கே போய், ஷேவிங்குக்கு உட்கார்ந்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரரும் தன் முறைக்காக பெஞ்சில் காத்திருந்தார். முகமெல்லாம் நுரையோடு, மனம் விட்டுப்போய், "நீங்க சொன்னது சரிதாங்க. மோசமான ஊர்தான்" என்று பெருமூச்சு விட்டேன்.

கத்தி என் தொண்டையில் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மோசத்தைக் கண்டீங்க?" என்றார் அவர்.

"நீங்கதானே... தண்ணி உப்புன்னு..."

"உப்புதான். நாங்க சொல்லலாம். நேத்து வந்தவர் நீங்க, நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"எங்களை ஏதாவது பண்ணுச்சா இந்த ஊரு? உங்களைத்தான் ஏதாவது பண்ணுச்சா?" என்று தையல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்.

தொண்டையில் கத்தி இருக்கும்போது வாதம் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டு, மெதுவாக, இந்த ஊர் உண்மையில் எனக்கு எப்படி இருக்கிறது என்று சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், வாட்ச்மேன் கொடுத்த நாற்காலியைச் சொன்னேன், டாக்டரம்மாவின் "அப்புறம்?" என்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கத்தி தொண்டையை விட்டு விலகியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இவர்கள் யாருமே இங்கே பிறந்தவர்கள் இல்லை! முடிவெட்டுகிறவர், ஊருக்குப் போன தன் மாமா மகனின் கடையைச் சில வாரம் பார்த்துக்கொள்ள வந்தவர். இப்போது பேத்தி எடுத்துவிட்டார். தையல்காரர் பஸ்ஸைத் தவறவிட்டு ஒருநாள் தங்கியவர். டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தபோது அழுது புரண்டு ரத்து செய்ய வைத்தாராம். "அப்படின்னா ஏன் எல்லாரும் இப்படித் திட்றீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இருந்த ஊரு ஆதியிலேயே அப்படியா இருந்துச்சு?" என்றார் தையல்காரர். "எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிச் சனம் குவிஞ்சுதானே அப்படி ஆச்சு? நாங்க கூட்டம் போட்டு எதுவும் முடிவு பண்ணலை. யாராவது வந்து கேட்டா திட்டுவோம். அவ்வளவுதான்."

"பின்னே என்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

"நீங்கதான் வந்தாச்சே. இனிமே போகவா போறீங்க?"

நான் ஆடிப்போய்விட்டேன். ஓர் ஊரே சேர்ந்து, ஒருவர்கூட வாய் தவறாமல், இத்தனை பிரியத்தோடு ஓர் இடத்தைத் திட்டுவதை நான் எங்கும் கண்டதில்லை. அக்காவின் இருமலைப் பற்றிச் சொன்னேன். முடிவெட்டுகிறவர் கத்தியைத் துணியில் துடைத்தார். பிறகு, "மாடி ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார். கிழக்கு என்றேன். "காத்து வரும். கூட்டிட்டு வாங்க. ஆனா வேற யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று மீதிக் கன்னத்தையும் வழித்துவிட்டார். ஆகவே அத்தான், விசாரணை முடிவு என்னவென்றால், ஊர் மிக மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தாங்கள் அவசியம் வரவேண்டும்.

இன்னும் ஒன்று. சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றால் கூரை கூரையாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் மரங்கள், ஒரு மொட்டைப் பாறை, வானம். ஊருக்கு ஓர் ஓரம் இருக்கிறது, அத்தான்! நம் ஊருக்கு நான் எங்கேயும் ஓரத்தைக் கண்டதில்லை. நானும் இவளும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு அக்கா நினைவுதான் வருகிறது. அவளுக்கு என்னென்னவோ தாங்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், இதை மட்டும் மறுக்காதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் மனம் இளகவும், அக்கா நூறாண்டு இருக்கவும், அந்த நூறிலும் தாங்கள் பக்கத்திலேயே இருந்து அவளைத் திட்டிக்கொண்டிருக்கவும் வேண்டுகிறேன்.

என்றும் தங்களுக்கு அடங்கிய,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதுவும் இனி தேவையில்லை. இதைத் தபாலில் போடக் கிளம்பிக் கதவைத் திறந்தால், வாசலில் அக்கா நிற்கிறாள், கையில் ஒரே ஒரு பையோடு. தாங்கள் காலையில் நடக்கப் போன நேரத்தில் பஸ் ஏறிவிட்டாளாம். "அவரு கடுதாசிக்குக் காத்திருக்கட்டும். எனக்கு மூச்சு காத்திருக்குமா?" என்றாள். தாங்கள் தேடிக்கொண்டிருக்கும் மூக்குக்கண்ணாடியும் அவள் பையில்தான் இருக்கிறது. தவறி வந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லை, எடுத்துட்டுத்தான் வந்தேன். வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றாள். எனவே இந்தக் கடிதத்தைத் தங்களால் படிக்க முடியாது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இதைத் தங்களுக்கு வாசித்துக் காட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வணக்கம். ஐயா, அடுத்த வரியை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, சத்தமாக வாசியுங்கள். மத்தியானம் படுத்த அக்கா இன்னும் தூங்குகிறாள், இருமல் சத்தமே இல்லையே என்று பயந்து நான் இரண்டு தரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.