எல்லாக் கிளையும், எல்லா நாளும்

மனிதர்களில் மொத்தக்காரர்கள் என்று ஒரு ரகம் உண்டு. கைக்குட்டை வாங்கப் போனாலும் கடையின் அலமாரி முழுவதையும் இறக்கச் சொல்வார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதில் இவர்களுக்கு ஓர் ஆனந்தம். எலி கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை, மலை இருக்கக்கூடாது!

நம் மேலாளர் இந்த ரகத்தில் முதல் தரம். பல கிளைகள் கொண்ட ரத்தப் பரிசோதனை நிறுவனமொன்றில் கணினிப் பிரிவுத் தலைவர். அங்கே ஒவ்வொரு கிளையின் முடிவுகளும் தனித்தனிக் கணினியில், நாள்வாரியாக, நாளுக்குள் நேரவாரியாக அடுக்கியிருக்கும். கிளையைச் சொல்லி, நாளைச் சொல்லி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று கேட்டால் பக்கத்துக்கு இருபதாகச் சமர்த்தாக வந்து நிற்கும். கிளையைச் சொல்லாமல் கேட்டால்? அத்தனை கணினிகளும் கைவேலையைப் போட்டுவிட்டு அடிமுதல் நுனிவரை புரட்ட வேண்டும். புரோகிராமர் பெண் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"பக்கம் பக்கமாப் பாக்க நான் என்ன நாவலா படிக்கிறேன்?" என்பார் மேலாளர்.

பக்கங்கள்மேல் சந்தேகம் வேறு. ஒரு பக்கத்தின் கடைசிப் பெயரே அடுத்த பக்கத்தின் தலையிலும் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் குதித்தார்.

"ஒரே ஆளு ரெண்டு தடவை! எவனோ தில்லுமுல்லு பண்றான்!"

"இல்ல சார், விட்ட இடத்தைப் பிடிச்சுத்தான் அடுத்த பக்கம் ஆரம்பிக்குது. அந்தப் பேரு அதுக்கு அடையாளம்."

"அடையாளமோ அலங்காரமோ, எனக்கு மொத்தமா வேணும்."

அன்று முதலாளி வருகிற நாள். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எவ்வளவு கூட்டம் என்று காட்டி அசத்த வேண்டும். எந்தக் கிளை? எல்லாக் கிளையும். எந்த நாள்? எல்லா நாளும்! புரோகிராமர் பெண் தயங்கவே, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாமே தட்டினார். திரையில் வட்டம் சுழன்றது.

"யோசிக்குது," என்றார் பெருமையாக.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அப்பாவுக்கு மயக்கமா இருக்குன்னு நம்ம கிளைக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். ரத்தம் எடுத்து ரொம்ப நேரமாச்சு. முடிவு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சாம், ஆனா தொறக்க மாட்டேங்குதாம். அதைப் பாக்காம டாக்டர் மருந்து தர மாட்டேங்கறார். கண்ணு சொருகுதுங்க! தலைமை ஆபீஸ்ல எவனோ மொத்தத்தையும் கேட்டு அடைச்சு வெச்சிருக்கானாம். அவன் சீட்டைக் கிழிங்க முதல்ல!"

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தகப்பன் இல்லாத அவருக்குத் தகப்பனாக இருந்தவர் மாமனார். போனைப் பொத்திக்கொண்டு புரோகிராமர் பெண்ணிடம் திரும்பினார்.

"நிறுத்தும்மா! எல்லாத்தையும் நிறுத்து! மாமாவோடது மட்டும் எடு!"

"எந்தக் கிளை சார்?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிளையைச் சொன்னார். நாளைச் சொன்னார். மணியையும் சொன்னார். கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது: ரத்தத்தில் உப்பு குறைவு. டாக்டர் உடனே மருந்து ஏற்ற, சற்று நேரத்தில் மாமனார் கண் விழித்து, "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டாராம். அதைக் கேட்டு மேலாளர் அழுதே விட்டார்.

"சரி, அடைச்சு வெச்ச அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாக் கிளையிலயும் விசாரிக்கச் சொல்லியிருக்கேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படிக்க ஆரம்பிக்கும் முன்பே, இந்தக் கதை எங்கேதான் முடிகிறது என்று அடிவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.