மத்திக்கும் சோப்புக்கும் ஆடியவன் என் மகன்

மீன் சந்தைப் பின்தெரு,
தாகுபான்.

‘வடக்கு முழக்கம்’ நாளிதழ் விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் தங்கள் அச்சு இயந்திரமும் நோய்நொடியின்றி இருக்க மனாவாக் மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுவது, ஐஸ் ஆலை உரிமையாளன் கிரிசாந்தோ மக்காராயெக். தங்கள் பத்திரிகையை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வாசித்த பிறகும் வீணாக்குவதில்லை, ஐஸ் கட்டியைச் சுற்றித்தான் அனுப்புகிறேன். தாகுபான் சந்தையில் தங்கள் பத்திரிகை தொடாத மீன் கிடையாது. அந்த உரிமையில் சொல்கிறேன், போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் பக்கத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தப்பு செய்யாதவர் யார்? வரும் ஞாயிற்றுக்கிழமை திருத்திவிட்டீர்களானால் விஷயம் முடிந்தது.

‘அலோன் மத்தி, புசிலாக் சோப்பு ஆகிய இரண்டு கம்பெனி அணிகளுக்கும் ஆடிய கூடைப்பந்து வீரர்கள் யார் யார்?’ என்று கேள்வி கேட்டு, எங்களுக்கு யோசிக்கக்கூட நேரம் தராமல் பதிலையும் நீங்களே அடியில் போட்டிருந்தீர்கள். அதில் என் மகன் டெல்ஃபின் மக்காராயெக்கின் பெயர் இல்லை. இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு என் மனைவி ஃபெலியிடம் கொடுத்தேன். அவளும் இல்லை என்றாள். சரி, நகரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும் என்று சிரித்துவிட்டு அன்று சாயங்காலமே பெண் கேட்கப் புறப்பட்டேன். அங்கேதான் ஐயா வினை காத்திருந்தது.

பெண் யார் தெரியுமா? மரிவிக். அவளைப் பெற்றவர் சாதாரண ஆள் இல்லை, ‘சுவர்’ அம்ப்ரோசியோ காதாபாய். அந்தக் காலத்தில் கூடைக்கு அடியில் அவர் கையை விரித்து நின்றால் காற்றுகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும் என்பார்கள். தங்கள் பதிலில் நாலாவது பெயர் அவருடையதுதான். நாங்களும் சும்மா போகவில்லை. முழுப் பன்றியைச் சுட்டு எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய தாம்பாளம் பன்சித் நூடுல்ஸ், ஒரு பெட்டி பங்குஸ் மீன், எல்லாம் என் சொந்த ஐஸில் வைத்துத்தான் போனோம். நல்லாத்தான் பேச்சு போய்க்கிட்டிருந்தது. கல்யாணத்தை ஜூனில் வைப்பதா, டிசம்பரில் வைப்பதா என்கிற அளவுக்கு வந்துவிட்டோம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஃபெலியும் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் பெருமையாக இருந்தது ஐயா, சொல்லிவிட்டேன். “நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் பொருத்தம் பார்க்கவே வேணாம். நீங்களும் மத்திக்கு ஆடி சோப்புக்குப் போனவர், என் பையனும் மத்திக்கு ஆடி சோப்புக்குப் போனவன். ஒரே தரம்!” என்றேன்.

அம்ப்ரோசியோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, பன்றியின் தலைக்குப் பக்கத்தில் வைத்தார். என்ன சட்டம் என்கிறீர்கள்? தங்கள் பக்கம்தான்! காலையில் வந்த பத்திரிகையை மத்தியானத்துக்குள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார் மனுஷன்.

“இதுல உன் பையன் பேரு எங்க?” என்றார்.

“விட்டுப்போச்சு.”

“பேப்பர்ல ஒருத்தர் பேரும் விட்டுப்போகாது. ஆடினவன் பேரு வரும். நின்னவன் பேரு வராது.”

“யாரைப் பார்த்து நின்னவன்கிறீங்க?”

“ஊரே டிவியில பார்த்துச்சே. மேஜை பக்கத்துல நின்னான், மணி அடிச்சுது, வீட்டுக்கு வந்தான். பொண்ணு கேட்க வந்த எடத்துல முதல் வார்த்தையே பொய்யா? பொய் சொல்ற வீட்டுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்.”

மரிவிக், “அப்பா, அவர் ஆடினா என்ன, ஆடாட்டி என்னப்பா? நான் பந்தையா கட்டிக்கப் போறேன்?” என்று அழ ஆரம்பித்தாள். என் மகன் அந்த நேரத்தில் என்ன செய்தான் என்று கேளுங்கள். பன்சித் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! அவன் அப்படித்தான், துக்கம் வந்தால் பசிக்கும். மூன்றாவது தட்டும் காலியாயிற்று.

இப்போது நடந்தது நடந்தபடி சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அலோன் மத்திக்கு அவன் இரண்டு சீசன் ஆடியதை யாரும் மறுக்கவில்லை. அப்புறம் அவனைக் கொடுத்து வேறொருவனை வாங்கிக்கொண்டார்கள். புசிலாக் சோப்புக்குப் போன வேகத்தில் முழங்கால் போயிற்று. சீசன் முடியப்போகிற நேரத்தில்தான் எழுந்து நடந்தான். கடைசி ஆட்டத்தில், கடைசி நேரத்தில், கோச் விரலை நீட்டினார். எங்கள் ஆலை வாசலில் டிவியை வெளியே வைத்து பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பையன் மேல்சட்டையைக் கழற்றினான். சிலுவை போட்டுக்கொண்டான். ஸ்கோர் எழுதும் மேஜைக்குப் போய் நம்பரைச் சொன்னான், அங்கே இருந்தவர் எழுதியும் கொண்டார். இனி என்ன? விசில் ஊதி ஆட்டம் ஒரு நொடி நின்றால் உள்ளே போகவேண்டியதுதான். விசில் வரவில்லை ஐயா! அதுவரைக்கும் முட்டியும் மோதியும் கிழித்துக்கொண்டிருந்த பயல்கள், அன்றைக்கென்று பார்த்து, நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி மரியாதையாக ஆடினார்கள். ஒருத்தன் ஒருத்தனை இடிக்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டவில்லை. “எவனாவது ஃபவுல் பண்ணித் தொலைங்கடா!” என்று எங்கள் தெருவே கத்தியது. மீன்காரி ஒருத்தி செருப்பைக் கழற்றி டிவி மேலேயே வீசினாள். ஃபெலி, பந்து வெளியே போகட்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். மணி அடித்துவிட்டது. பையன் மேல்சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒப்பந்தமும் முடிந்தது, என்னோடு ஐஸ் ஆலைக்கு வந்துவிட்டான்.

அவன் ஆடவில்லை என்கிறார்கள். ஜீப்னி வண்டியில் உட்கார இடம் கிடைக்காமல் தொங்கிக்கொண்டே போனவன் பயணம் செய்யவில்லையா? அவனிடமும் காசு வாங்குகிறார்களே! நான் எங்கள் பேட்டை லீகில் வருஷக்கணக்கில் விசில் ஊதியவன், விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். கோச் கூப்பிட்டாச்சு, சட்டை கழற்றியாச்சு, நம்பர் எழுதியாச்சு. உள்ளே விடாதது விசிலின் குற்றம், என் மகனின் குற்றம் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

ஆகையால் வரும் ஞாயிறு ‘டெல்ஃபின் மக்காராயெக்’ என்று ஒரே ஒரு வரி, சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். அன்றைக்குத்தான் கடைசித் தடவையாகப் பேச வரச் சொல்லியிருக்கிறார் அம்ப்ரோசியோ. பெயர் வந்தால் கல்யாணம், வராவிட்டால் என் பையன் பன்சித் தின்றே செத்துப்போவான். போட முடியாது என்றால் நான் விடுகிற ஆளில்லை. மற்றவர்கள் மட்டும் எப்படி வந்தார்கள்? ஒவ்வொரு பெயராக எடுங்கள், லீக் அலுவலகத்துப் பழைய ஸ்கோர் தாளோடு வைத்துப் பாருங்கள், எவன் உண்மையிலேயே இறங்கினான், எவன் இறங்கவில்லை என்று நாடே பார்க்கட்டும்! அம்ப்ரோசியோ வீட்டு வாசலில் நின்று இதையே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் முடிதிருத்தும் கடையிலும் சொன்னேன். தங்கள் அலுவலகத்துக்கும் போன் போட்டு, கடிதம் வருகிறது, இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தங்கள் பிள்ளைகள் எந்த மேஜை ஓரத்திலும் காத்து நிற்காமல், கூப்பிட்டவுடன் களத்தில் இறங்கி வெற்றி பெற மனமார ஆசீர்வதிக்கிறேன். தங்கள் வீட்டம்மாவுக்கு ஃபெலியின் அன்பு. இந்தப் பக்கம் வந்தால் மீன் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் வாசகன்,
கிரிசாந்தோ மக்காராயெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு டிரைசிக்கிள் வந்து நின்றது. அம்ப்ரோசியோ. மடியில் ஒரு கூடை மாம்பழம். கேட்டைத் திறக்கும் முன்பே “சம்பந்தி” என்றார்! நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்தச் சொன்னார். அவ்வளவு உயரமான மனுஷன், எங்கள் சின்ன நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். “அந்த ஸ்கோர் தாளு வெவகாரத்தை விட்டுடு சம்பந்தி” என்றார். ஏன் என்றேன். புசிலாக் சோப்புக்கு அவரை வாங்கினார்களாம், சட்டை கொடுத்தார்களாம், அந்தச் சட்டையைப் போட்டுக் குளியலறையில் கையை விரித்து நின்று சோப்பு விளம்பரத்திலும் நடித்தாராம். சீசன் தொடங்கும் முன்பே வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்களாம். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. விளம்பரம் மட்டும் வருஷக்கணக்கில் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் ஆடினார் என்றே நினைத்துக்கொண்டார்கள், நானும்தான். “உன் பையனாவது மேஜை வரைக்கும் போனான். நான் குளியலறைய விட்டே வெளிய வரல. என் பொண்டாட்டி அந்த விளம்பரத்தைப் பார்த்துட்டுத்தான் என்னையே கட்டிக்கிட்டா” என்று சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது ஐயா. எனக்கும் தாங்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறேன். எனவே நீங்களும் யாரிடமும் சொல்லக்கூடாது. கடிதம் வருகிறது என்று சொல்லிவிட்டேனே, வராவிட்டால் நீங்களே பழைய தாளைத் தோண்ட ஆரம்பித்துவிடுவீர்கள் என்றுதான் அனுப்புகிறேன்.

மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதீர்கள். கல்யாணம் ஜூனில். உங்கள் பதில் சரியான பதில், அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவேண்டாம். வேறு எந்தப் பைத்தியக்கார அப்பன் வந்து ஸ்கோர் தாளைப் பாருங்கள் என்று கத்தினாலும் பார்க்காதீர்கள். நாலாவது பெயர் அப்படியே இருக்கட்டும். புசிலாக் சோப்புக்கு என் மகன் ஆடவே இல்லை. தகப்பன் நானே கையெழுத்துப் போட்டுச் சொல்கிறேன்.

— கி. ம.