ஈசல் வந்த அன்னைக்கு ஊடு பாக்க வந்தாங்க

என் கொழுந்தனுக்குப் பொண்ணு அமைஞ்சிருந்துச்சுங்க. சாயங்காலம் ஏழு மணிக்குப் பொண்ணூட்டுக்காரங்க எங்க ஊடு பாக்க வர்றாங்க. எனக்கு வேலை ரெண்டு. பஜ்ஜி போடணும், முன்ரூம் செவுத்துல ஈரம் ஊறி ஓதம் புடிச்ச எடத்தை மறைக்கணும்.

ஒரு காலண்டர் மாட்டுனேன். பத்தல. பக்கத்துலயே இன்னொண்ணு மாட்டுனேன்.

"ரெண்டு காலண்டர் எதுக்கு கண்ணு?"ன்னாங்க மாமியார்.

"ஒண்ணு இந்த வருசம், ஒண்ணு போன வருசமுங்க அத்தை."

நாலு மணிக்கு மழை புடிச்சுது. வெள்ளகோவில் பக்கம் கோடைமழைன்னா சும்மாவா! எல்லாத்துக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் இல்ல. மழை விட்டா ஈசல் கெளம்புமே!

ஆறே முக்காலுக்குக் கெளம்பிருச்சு. டியூப்லைட்டச் சுத்தி ஒரு கூட்டம், பஜ்ஜி மாவுல ஒரு கூட்டம்.

இதுக்கு வைத்தியம் எனக்குத் தெரியுமுங்க. உள்ள எல்லா லைட்டையும் அணைச்சுப்போட்டேன். வெளிய வாசல்கேட்டு லைட்டை மட்டும் போட்டு, அடியில ஒரு அண்டா தண்ணி வெச்சேன். அஞ்சே நிமிசத்துல அத்தனையும் கேட்டுக்குப் போயிருச்சு. எம்புத்திய நானே மெச்சிக்கிட்டேன்.

அப்பத்தான் கார் வந்து நின்னுச்சு. அதே கேட்டுல!

"ஏன்டி, அவங்க வேற எந்த வழியா வருவாங்கன்னு நெனச்ச?"ன்னு பல்லைக் கடிச்சார் எங்க ஊட்டுக்காரர்.

பொண்ணோட அப்பா எறங்குனார். "வாங்க, வாங்க"ன்னு கும்பிட்டேன். அவரும் "வாரோ..."ன்னு வாயத் தொறந்தார். மிச்சத்த முழுங்கிட்டார். ஈசலோட.

அவங்க சம்சாரம் முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு உள்ள ஓடியாந்தாங்க. உள்ள கும்மிருட்டு.

"கரண்ட் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. போட்டா எல்லாம் உள்ள வந்துருமுங்க."

ஊடு பாக்க வந்தவங்க அரைமணி நேரம் இருட்டுல உக்காந்திருந்தாங்க. பஜ்ஜித் தட்டை நீட்டுனேன்.

"வாழைக்காய்ங்களா அம்மணி?"ன்னு கேட்டார் பொண்ணோட அப்பா.

"அப்படித்தானுங்க நெனைக்கறேன்."

போச்சு, சம்பந்தம் போச்சு! கொழுந்தன் மொகத்தப் பாக்க முடியல. லைட் இருந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஒருவழியா ஈசல் அடங்கி, அவங்க கெளம்புனாங்க. பொண்ணோட அப்பா வாசல்கேட்டுப் பக்கத்துல நின்னுட்டார். அண்டாவ எட்டிப் பாத்தார். தண்ணியே தெரியாத அளவுக்கு ஈசல் மெதந்துச்சு.

"அம்மணி, இத என்ன பண்ணுவீங்க?"

"கொட்டிருவமுங்க."

"அய்யோ! கொட்டிப்போடாதீங்க. பொரியோட சேத்து வறுத்தா அப்படி இருக்கும்! திங்குறதுக்கு நாங்க ஆலாப் பறக்கறம். ஒரு தூக்குப்போசி இருந்தா குடுங்க."

பெரிய தூக்குப்போசியாப் பாத்துக் குடுத்தேன். நொம்பி வழிஞ்சுது. மனுசன் மொகமெல்லாம் சிரிப்பு.

"ஊடு நல்லாருக்குதுங்க. நாள் பாத்துரலாம்"ன்னுட்டார்!

கல்யாணமாகி வந்த மக்யாநாளே, புதுப்பொண்ணு போன வருசக் காலண்டரக் கழட்டிப்போட்டா.

"ஏனுங்கக்கா, செவுத்துல இத்தன ஓதமா! எங்கப்பா நேருல வந்து பாத்துட்டுத்தான சரின்னார்?"

"அவரு பாத்தது அண்டாவ மட்டுந்தான் கண்ணு"ன்னேன்.