ஒன்பது சென்டிமீட்டர் பள்ளம்

எங்கள் க்ரும்பெக் ஊராட்சியில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் யார் எதைத் தோண்டினாலும் முன் அனுமதி பெற வேண்டும். யாரோ ஒருவர் ரோஜாச் செடிக்குக் குழி வெட்டப் போய் ஊர் முழுக்கப் போகும் டெலிபோன் கேபிளை அறுத்துவிட்டதால் வந்த விதி. நியாயமான விதி. இருபது வருஷமாக ஒருவரும் இதைப் பற்றி முணுமுணுத்ததில்லை. இருபது வருஷமாக ஒருவரும் அனுமதி கேட்டதும் இல்லை.

இதில் வந்து மாட்டிக்கொண்டவர் எங்கள் மாட்டு டாக்டர் நோட்புர்கா ஃப்ளாட்ஷர். பனிச்சறுக்குச் சரிவின் அடியில், உச்சிக்குப் போகும் தொங்கு நாற்காலி லிஃப்ட்டில் ஆட்களை ஏற்றிவிடுவது என் வேலை என்பதால் எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது.

டாக்டரம்மா ஓட்டுவது ஒல்லியான ஸ்னோபோர்டு, இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது. மற்றவர்களைப் போல மெத்தென்ற காலணி கிடையாது. கல் மாதிரி இறுகிய பூட்ஸ், இரண்டு காலும் முன்னோக்கித் திருப்பிப் பூட்டப்பட்டிருக்கும். இதில் பனியைச் சுரண்டிக்கொண்டு இறங்குவது அவமானம். போர்டைச் சாய்த்து, அதன் விளிம்பால் பனியைக் கத்தி போல வெட்டிக்கொண்டு வளைய வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு மெல்லிய கோடு கிடக்க வேண்டும்.

மார்புப் பக்கம் சாயும் வளைவு அவருக்கு அழகாக வரும். முதுகுப் பக்கம் சாயும்போதுதான் வினை. போர்டு தையல் மெஷின் மாதிரி டகடகவென்று அடித்துக்கொள்ளும், அடுத்த நிமிஷம் டாக்டரம்மா பனியில் உட்கார்ந்திருப்பார். ஐந்து குளிர்காலமாக இதே கதை. கன்று பாதி வெளியே வந்து நிற்கும்போதுகூடக் கலங்காத மனுஷி, இந்த ஒரு வளைவுக்காக என் அறையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

போர்டு கடைக்காரர் வின்ட்ஸென்ஸிடம் யோசனை கேட்டார். அந்த வருஷம் நீளமான போர்டுதான் நாகரிகம்.

"டாக்டரம்மா, இது சாம்பியன் ஓட்டுற போர்டு."

"அவர் என்ன எடை?"

"தொண்ணூறு கிலோ."

"நான் அறுபத்திரெண்டு."

"அதனால என்ன? சாப்பிட்டா ஏறிடும்."

வாங்கினார். அந்த போர்டுக்கு ஒரு வளைவை முடிக்க எங்கள் சரிவின் அகலம் போதவில்லை. முதல் நாள் ஓட்டல் முற்றத்தில், மேஜைகளுக்கு நடுவே வளைவை முடித்தார். கல்லீரல் உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "உக்காருங்களேன்" என்றார்.

கடைசியில் டாக்டரம்மா தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டார். "நொண்டுற மாடு வந்தா நான் முதல்ல குளம்பத்தான் பாப்பேன். எனக்கு மட்டும் ஏன் கொம்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்று பூட்ஸைக் கழற்றினார். ஒன்றரை அளவு பெரிது. "உள்ள காத்தோட்டமா இருக்கும்" என்று வின்ட்ஸென்ஸ் விற்றது. உள்ளே குதிகால் துள்ளிக்கொண்டிருந்தது, வெளியே பூட்ஸின் குதி போர்டை விட்டுத் துருத்திக்கொண்டு பனியில் இடித்தது. காலைக் கவ்விப் பிடிக்கும் சின்ன பூட்ஸ் வாங்கினார். பாதங்களை போர்டின் மூக்கை நோக்கி இன்னும் திருப்பிக் கட்டினார். சாம்பியன் போர்டை மூலையில் சாத்திவிட்டு, தன் எடைக்கு வளைந்து கொடுக்கும் குட்டை போர்டு ஒன்றை எடுத்தார். இடுப்பை மடக்கிக் குனிகிற பழக்கத்தை விட்டு, முழங்காலை மடக்கி, போகிற பக்கம் கண்ணை வைத்தார்.

பிப்ரவரி மாதம் ஒரு காலை, உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரு டகடகவும் இல்லாமல் இறங்கினார். நான் லிஃப்ட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அந்தரத்தில் தொங்கியவர்கள்கூடத் திட்டவில்லை, அவர்களும் பார்த்தார்கள். வெண்ணெயில் நூல் இழுத்த மாதிரி கோடு.

அப்போதுதான் ஊராட்சி நிலப் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பு அலுவலர் கெப்ஹார்ட் ஸிர்ன்காஸ்ட் அந்தப் பக்கம் வந்தார். குனிந்தார். ஸ்கேலை எடுத்தார்.

"இதத் தோண்டினது யாரு?"

"தோண்டலைங்க சார். ஓட்டினேன்."

"ஒம்பது சென்டிமீட்டர் இருக்கு. அனுமதி வாங்கினீங்களா?"

"அந்தப் பக்கம் பாருங்க, நூறு பேர் ஓட்டுறாங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

"அவங்களுக்கு ஓட்டத் தெரியலை, டாக்டர். சும்மா சுரண்டுறாங்க. சுரண்டலுக்கு நம்ம விதியில இடம் இருக்கு."

டாக்டரம்மா விண்ணப்பம் போட்டார். "பள்ளத்தில் புதைக்கப்படும் பொருள்" என்ற இடத்தில் "எதுவுமில்லை" என்று எழுதினார். எதுவும் புதைக்காத பள்ளம் வீண் பள்ளம், எனவே நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அடுத்த முறை "காற்று" என்று எழுதினார். காற்றைப் புதைக்கச் சுற்றுச்சூழல் பிரிவின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். "மூடப்படும் நாள்" என்ற இடத்தில், இன்று மாலையே பனி சமன் செய்யும் வண்டி வந்து மூடிவிடும் என்று உண்மையைச் சொன்னார். ஆய்வுக்கு முன்பே பள்ளத்தை மூடுவது சாட்சியத்தை அழிக்கும் செயலாகும் என்று கூறி, வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

வண்டி ஓடாததால் சரிவு கரடுமுரடாகக் கல்லாகிப் போனது. டாக்டரம்மாவின் ஒவ்வொரு வளைவையும் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, சிவப்பு விளக்கு வைத்தார்கள். நுழைவாயிலில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: "சரியாக ஓட்டத் தெரியாத பொதுமக்கள் தொடர்ந்து நல்கிவரும் ஒத்துழைப்புக்கு இவ்வலுவலகம் நன்றி பாராட்டுகிறது."

இதைப் படித்ததும் வின்ட்ஸென்ஸுக்கு மூளை வேலை செய்தது. விளிம்பு மழுங்கடித்த போர்டைக் கொண்டுவந்தார். "அனுமதி தேவையில்லை" என்று அதன் மேல் தங்க எழுத்து. அடுத்த வாரமே அது நாகரிகமாகிவிட்டது. வியன்னாவிலிருந்து ஆட்கள் வந்து, நயமாகச் சுரண்டுவது எப்படி என்று பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வெட்கப்பட்டு, தெரிந்த வித்தையை மறக்கக் கற்றுக்கொண்டார்கள்.

டாக்டரம்மா மட்டும் விடவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில், "ஆய்வாளர் பள்ளத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை நேரில் பயணித்துச் சான்றளிக்க வேண்டும்" என்ற வரியைக் கண்டுபிடித்தார்.

ஸிர்ன்காஸ்ட் கடமை தவறாதவர். நடந்து இறங்கப் பார்த்தார். பாதி வழியில் கால் வழுக்கி, கோப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக என் லிஃப்ட் கம்பத்தில் வந்து மோதினார்.

"அடி பட்டுச்சா சார்?" என்று ஓடி வந்தார் டாக்டரம்மா.

"ஆய்வு முடியலையே."

"பேசாம என் போர்டை மாட்டிக்கிட்டு இறங்குங்க. நான் சொல்லித் தரேன்."

அவருக்குப் பொருந்தும் பூட்ஸைத் தேடிப் போட்டுவிட்டார். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க விதிப்படியே நடந்தவர். பாதத்தை அறுபது டிகிரியில் வை என்றால் அறுபத்தொன்றில் வைக்க மாட்டார். மூன்றே வாரத்தில் ஒரு நாள், முதுகுப் பக்கம் சாய்ந்து, இடுப்பு பனியைத் தொட, முழுசாக ஒரு வளைவு போட்டுவிட்டார். எழுந்து திரும்பிக் கோட்டைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அளங்க! அளங்க!" என்று கத்தினார்.

பதினோரு சென்டிமீட்டர். உடனே தனக்குத்தானே நோட்டீஸ் கொடுத்தார். விளக்கம் எழுதினார். விளக்கம் திருப்தியளிக்கவில்லை என்று நிராகரித்தார். மேல்முறையீடு செய்து, அதைத் தானே விசாரித்து, எதிர்த்தரப்பு ஆஜராகாததால் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துக்கொண்டார். திங்கட்கிழமை புது ஆணை வந்தது: போர்டின் விளிம்பால் உண்டாவது இனிமேல் பள்ளம் அல்ல, பாதை.

ஊரே கைதட்டியது. டாக்டரம்மா ஸிர்ன்காஸ்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டி மறுபடி ஓடியது, சரிவு கண்ணாடி மாதிரி ஆனது. இரண்டே இரண்டு நாள்.

புதன்கிழமை சாலைப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். பாதை என்றால் பெயர் வேண்டும், பலகை வேண்டும், பதிவு வேண்டும். முந்தைய மாலை இரண்டு பொதுப் பாதைகளை வண்டி ஏற்றி அழித்தது யார் என்று என்னிடம் விசாரித்தார்.

நாங்கள் சண்டை போடுவோம் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். நாங்களோ பதிவு செய்ய வரிசையில் நின்றோம். தன் பெயரில் ஒரு பாதை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சுரண்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் விளிம்புள்ள பழைய போர்டைத் தேடி எடுத்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பாதைகள் பதிவாயின. வின்ட்ஸென்ஸ் பெயர்ப்பலகை விற்றார். என் பாதை நான்கு மீட்டர், வேலியில் முடிகிறது. இருந்தாலும் பலகை நன்றாக வந்திருக்கிறது. பலகைகள் நட்டு முடித்தபோது சரிவில் ஓட்ட இடமில்லை.

டாக்டரம்மா போர்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆஸ்டன்பாக்குக்குப் போய்விட்டார். அங்கே சரிவு இருக்கிறது, அலுவலகம் இல்லை. ஸிர்ன்காஸ்டும் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேதான் இருக்கிறாராம். இருவரும் காலை முதல் மாலை வரை பெயரில்லாத கோடுகளாகப் போட்டுத் தள்ளுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கூட்டம் போட்டோம். நாம் மட்டும் இத்தனை சட்டதிட்டத்தோடு வாழ, அங்கே மனிதர்கள் இப்படிக் கேட்பாரில்லாமல் திரிவது என்ன நியாயம்? ஆஸ்டன்பாக்கிலும் உடனடியாக ஓர் அலுவலகம் திறக்கக் கோரும் மனு ஒருமனதாக நிறைவேறியது. முதல் கையெழுத்து என்னுடையது.